ஆர்.ஜே-வைத் தூக்கிவிட்டால் கணக்கு தீர்ந்ததா?

2025 மார்ச் முதல் வாரம். தைப்பூசம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மலேசியாவின் 'எரா எஃப்.எம்' என்ற மலாய் மொழி வானொலியில் அறிவிப்பாளர்கள் மூன்று பேர் ஒரு வீடியோ எடுத்தார்கள். ஒருவர் தோளில் காவடி இருப்பதுபோல் ஆடுகிறார். கூட இருப்பவர்கள் 'வேல்... வேல்' என்று கூவிச் சிரிக்கிறார்கள். அதை யாரும் ஒளிந்திருந்து எடுக்கவில்லை, திருட்டுத்தனமாகக் கசியவிடவும் இல்லை. நிலையத்தின் பெயரில் இருக்கும் சமூக வலைதளப் பக்கத்திலேயே ஏறியது.

மலேசியத் தமிழர்கள் கொதித்துப்போனார்கள். ஊர் ஊராகக் காவல் நிலையங்களில் புகார். மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள். நிலையத்தை நடத்தும் ஆஸ்ட்ரோ நிறுவனம் அவர்களைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தது. தகவல் தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் உடனே நடவடிக்கை எடுக்கச் சொன்னார். ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆணையம், எரா எஃப்.எம்மின் உரிமத்தை வைத்திருக்கும் 'மேஸ்ட்ரா பிராட்காஸ்ட்' நிறுவனத்துக்கு, உரிமத்தையே நிறுத்திவைக்கப்போவதாக நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் உரிமம் தப்பியது. 2,50,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலேசியத் தமிழர்கள் காலையில் எழுந்ததும் கேட்கும் 'ராகா' தமிழ் வானொலியும் இதே ஆஸ்ட்ரோவுடையதுதான். ஆஸ்ட்ரோவை உருவாக்கிய ஆனந்த கிருஷ்ணன் யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளிக்காரர், 2024 நவம்பரில் காலமானவர். ஒரே கம்பெனி தமிழருக்கு ஒரு கதவில் பாட்டுப் போட்டுக்கொண்டே இன்னொரு கதவில் கிண்டல் செய்திருக்கிறது. காவடி என்றால் என்ன, அலகு குத்துகிறவர் எத்தனை நாள் விரதம் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த மூவரும் வெளியே போகவே வேண்டியதில்லை. சக ஊழியரைக் கேட்டிருந்தால் போதும்.

அந்த வீடியோ சில நாளில் சென்னை கீழ்க்கட்டளை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. குரோம்பேட்டை குமரன்குன்றத்துக்குப் பால்குடம் எடுக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், நன்மங்கலம் என்று எங்கு போனாலும் வண்டிக் கண்ணாடியில் ஒரு வேல் ஒட்டியிருக்கும். கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அநேகமாக எல்லோருக்கும் ஒரே தீர்ப்புதான்: மூன்று பேரையும் வேலையை விட்டுத் தூக்கு.

தூக்கலாமா?

என் பதில்: பெரும்பாலான சமயம் கூடாது. ஆர்.ஜே-க்கள் பாவம், சின்னப் பிள்ளைகள், வாய் தவறிப் பேசிவிட்டார்கள் என்பதற்காக இல்லை. அவர்கள் வாய் தவறுவது ரொம்ப அபூர்வம். தவறுவது வேறு இடத்தில். அந்த இடத்தை மறைக்கத்தான் ஆர்.ஜே-வின் வேலையைப் பறிக்கிறார்கள்.

இரவுக் காவலும் இந்தியன் ஐடலும்

முதலில் நம் வீட்டுச் சங்கதி.

மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பத் தொடங்கியதிலிருந்து, கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் நாலு பாட்டும் எட்டு விளம்பரமும் கேட்டுவிடலாம். ஷேர் ஆட்டோவில் ரேடியோ என்பது பயணிகளின் விருப்பத்தைக் கேட்டு வைப்பதில்லை. டிரைவர் வைத்ததுதான். அப்படி ஒரு காலை, ஆர்.ஜே ஒருவர் 'வடக்கன்' ஜோக் ஒன்றை எடுத்துவிட்டார். பானிபூரி, பான்பராக், உடைந்த தமிழ் என்று வழக்கமான சரக்கு. எந்த நிலையம் என்பது முக்கியமில்லை, எதிலும் வரக்கூடியதுதான். ஆட்டோவில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஓரத்தில் மஞ்சள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அந்த மெட்ரோ தூணைக் கட்டுகிறவர்களில் ஒருவர். முகத்தை வைத்துப் பார்த்தால் அவருக்குத் தமிழ் அந்த அளவு புரிந்திருந்தது. ரேடியோவைப் பார்த்தார், சிரிப்பவர்களைப் பார்த்தார், பிறகு ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ரேடியல் ரோடு சந்திப்பில் இறங்கும்வரை அதையே சரிசெய்துகொண்டிருந்தார்.

மலேசியக் காவடிக்காக அழுத கண்ணுக்கு இது தெரிவதில்லை.

இப்படிப்பட்ட ஒரு ஜோக் என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2007 செப்டம்பர் 23 அன்று 'இந்தியன் ஐடல்' மூன்றாவது பட்டத்தை பிரசாந்த் தமாங் வென்றார். டார்ஜிலிங்கைச் சேர்ந்த கூர்க்கா. கொல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிள், போலீஸ் ஆர்கெஸ்ட்ராவில் பாடியவர். அவருக்கு எஸ்.எம்.எஸ். ஓட்டுப் போட மலையே திரண்டது. அவர் ஜெயித்த சூட்டில் டெல்லி ரெட் எஃப்.எம்மில் ஓர் ஆர்.ஜே ஒரு ஜோக் அடித்தார். சென்னையில் சூரியன் எஃப்.எம் ஒலிக்கும் அதே 93.5 எண்ணில் அங்கே ரெட் எஃப்.எம். கூர்க்காக்கள் எல்லாம் பாடப் போய்விட்டால் ராத்திரி நம் கடைகளுக்கு யார் காவல் என்பதுதான் ஜோக்கின் சாரம்.

டெல்லியில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்? கேட்டவர்களும் அடுத்த பாட்டில் மறந்திருப்பார்கள். மலையில் மறக்கவில்லை. செப்டம்பர் 28 அன்று சிலிகுரியில் கண்டனப் போராட்டம் மோதலாக மாறியது. பலருக்குக் காயம். ஊரடங்கு போட்டு ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நிலையம் மன்னிப்புக் கேட்டது. தமாங்குக்காக ஓட்டுச் சேகரித்த அலையில் மேலே வந்த பிமல் குருங், அடுத்த மாதமே கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். தனி கூர்க்காலாந்து கேட்டு டார்ஜிலிங் அரசியலையே புரட்டிப்போட்ட கட்சி அது. அதற்குக் காரணம் ஒரு ஜோக்தான் என்று சொன்னால் வரலாற்றுக்காரர்கள் அடிக்க வருவார்கள். ஏற்கெனவே காய்ந்து கிடந்த மலை அது. ஆனால் நாட்டுக்கே பாடிக் காட்டி ஜெயித்த பிறகும் நீ எங்களுக்கு வாட்ச்மேன்தான் என்று தலைநகரத்திலிருந்து கேட்ட குரல், அந்த மலைக்காரர்கள் வெகுநாளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றை உறுதிப்படுத்தியது.

தமிழ் சினிமா அந்த ஜோக்கை எத்தனை விதமாக அடித்திருக்கிறது! இரவில் விசிலும் தடியுமாகச் சுற்றிவிட்டு மாதம் ஒருமுறை கேட் முன்னால் வந்து பணம் கேட்டு நிற்பவரை நாம் வேறு எப்படிப் பார்த்தோம்? எஃப்.எம்மின் பத்து ஜோக்குகளில் பாதி இன்றும் குண்டான மனைவி, கறுப்பான நண்பன், திக்கிப் பேசுபவர், நடையில் பெண்மை தெரியும் ஆண் என்றே ஓடுகிறது. சிலிகுரிபோல் நம் ஊரில் யாரும் தெருவில் இறங்காததால் அவையெல்லாம் நல்ல ஜோக் ஆகிவிடுவதில்லை. திருப்பிக் கேட்க ஆள்பலம் இல்லாதவர்களைப் பார்த்து அடித்தவை, அவ்வளவுதான்.

ஸ்டூடியோவில் எத்தனை பேர்?

இரண்டு பாட்டுக்கு நடுவே ஆர்.ஜே பேசுவதற்கு எஃப்.எம்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'லிங்க்'. ஒரு லிங்க் ஒரு நிமிஷம் இருக்கலாம், ஒன்றரை இருக்கலாம். அதற்குள் நேரம், நிலையத்தின் பெயர், ஸ்பான்சர் பெயர், ஒரு ஜோக் எல்லாம் அடைபட வேண்டும். கேட்பதற்கு அந்த நொடியில் தோன்றியதுபோல் இருக்கும். பல நிகழ்ச்சிகளில் அதற்கு எழுத்தாளர் உண்டு, புரொட்யூசர் உண்டு, வாரக் கூட்டம் உண்டு, எதற்கு எஃப்.பி. லைக் விழுந்தது என்று பார்க்க டிஜிட்டல் டீம் உண்டு. இவர்களுக்கு மேலே புரோகிராமிங் ஹெட், அவருக்கும் மேலே ஸ்டேஷன் ஹெட்.

பிராங்க் கால் இன்னும் விசேஷம். சென்னை எஃப்.எம்மில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் அதுதான் ராஜா. ஆர்.ஜே. பாலாஜி பிக் எஃப்.எம்மில் நடத்திய 'கிராஸ் டாக்' ஆட்டோ, பஸ், ஹாஸ்டல் என்று எங்கும் ஓடியது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர். பிராங்க் கால் என்பது நேரலை இல்லை. பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, நடுவே 'டொய்ங்' சத்தம் சேர்த்து, யாரோ கேட்டு, சரி என்று சொன்ன பிறகு வருவது. இந்த 'சரி' சொன்னவரைத்தான் நாம் ஒருபோதும் விசாரிப்பதில்லை.

அந்த 'சரி'யால் போன உயிர் ஒன்று நம் பக்கத்து மாநிலத்துப் பெண்ணுடையது. 2012 டிசம்பர் 4 அன்று, சிட்னியின் '2டே எஃப்.எம்' நிலையத்திலிருந்து மெல் கிரெய்க், மைக்கேல் கிறிஸ்டியன் என்ற இரு தொகுப்பாளர்கள் லண்டனின் கிங் எட்வர்ட் செவன்த் மருத்துவமனைக்கு போன் போட்டார்கள். இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின் கர்ப்பகால வாந்தியால் அங்கே அனுமதிக்கப்பட்டிருந்தார். ஒருவர் எலிசபெத் ராணி குரலில், இன்னொருவர் இளவரசர் சார்லஸ் குரலில். லண்டனில் இன்னும் விடியவில்லை, வரவேற்பறையில் ஆள் இல்லை. போனை எடுத்தவர் ஜசிந்தா சல்டானா என்ற நர்ஸ். மங்களூர்ப் பக்கத்துப் பெண். 'ராணி' கேட்டதும் வார்டுக்கு இணைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று விவரம் சொன்னவர் வார்டில் இருந்த வேறொரு நர்ஸ். உலகமே சிரித்தது. மூன்றாம் நாள், டிசம்பர் 7 அன்று, ஜசிந்தா உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 46. உடுப்பி மாவட்டம் சிர்வாவில் கணவரின் ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அந்த இரண்டு பேரும் உடனே ஒலிபரப்பிலிருந்து எடுக்கப்பட்டார்கள், நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. கதை அங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். அந்த அழைப்பு பதிவு செய்யப்பட்டது. தொகுப்பாளர்கள் ஒலிபரப்பவில்லை. அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் கேட்டு, சட்டரீதியாகப் பார்த்து, ஒலிபரப்பச் சொன்னார்கள். மருத்துவமனையில் யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணையம் நிலையம் உரிம விதியை மீறியது என்றது. நிலையம் விடவில்லை, கோர்ட் கோர்ட்டாக ஏறியது. 2015 மார்ச்சில் அந்த நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஆணையத்துக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் உண்டு என்று தீர்த்துவைத்தது. இதற்கிடையில் மைக்கேல் கிறிஸ்டியனுக்கு அதே கம்பெனி 2013-ல் சிறந்த தொகுப்பாளர் விருது கொடுத்தது. மெல் கிரெய்க் வெளியேறினார். 2014-ல் லண்டனில் நடந்த மரண விசாரணைக்கு அவரே நேரில் போய் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

அதே 2டே எஃப்.எம்மில் அப்போது கைல் சாண்டிலாண்ட்ஸ் என்ற நட்சத்திரமும் இருந்தார். 2009-ல் இவர் நடத்திய நிகழ்ச்சியில், 14 வயதுச் சிறுமியை பொய் கண்டுபிடிக்கும் கருவியில் உட்காரவைத்து, அவளுடைய அம்மாவை விட்டே பாலியல் கேள்வி கேட்கவைத்தார்கள். தனக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தது என்று அந்தக் குழந்தை நேரலையில் சொன்னது. சில வாரம் நிறுத்திவைத்தார்கள், திரும்பி வந்தார். அதன் பிறகும் பலமுறை சர்ச்சை. 2023-ல் வேறொரு நிலையம் அவருக்கும் உடன் தொகுப்பாளருக்கும் சேர்த்துப் பத்து வருஷத்துக்கு 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தம் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் ஆர்.ஜே என்றால் வெளியே. விளம்பரம் கொண்டுவரும் ஆர்.ஜே என்றால் இரண்டு வாரம் லீவு.

லண்டனில் பி.பி.சி. கொஞ்சம் வித்தியாசமாக நடந்துகொண்டது, அதுவும் ஊர் கூடிக் கத்திய பிறகு. 2008 அக்டோபரில் பி.பி.சி. ரேடியோ 2-ல் ரஸ்ஸல் பிராண்டும் ஜோனதன் ராஸும் சேர்ந்து, 78 வயது நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் போனில் அவருடைய பேத்தியைப் பற்றி அசிங்கமாகப் பேசிப் பதிவு வைத்தார்கள். இதுவும் முன்கூட்டியே பதிவு செய்த நிகழ்ச்சி. சில நாள் கையில் வைத்திருந்துதான் ஒலிபரப்பினார்கள். நிகழ்ச்சி ஒலித்தபோது வந்த புகார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பத்திரிகையில் வந்த பிறகு பல்லாயிரம். பிராண்ட் ராஜினாமா. ராஸுக்கு 12 வாரம் சம்பளமில்லாத சஸ்பென்ஷன். ரேடியோ 2-ன் தலைவர் லெஸ்லி டக்ளஸும் ராஜினாமா செய்தார். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் பி.பி.சி-க்கு 1,50,000 பவுண்டு அபராதம் போட்டது. இத்தனை சம்பவங்களில் நாற்காலியில் இருந்த ஒருவர் எழுந்து போனது இங்கே மட்டும்தான். அதனால்தான் இதை நினைவு வைத்திருக்கிறேன்.

மன்னிக்க வேண்டியவர் யார்?

ஆர்.ஜே-வைத் தூக்குவதைப் பற்றிப் பேசினால் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் டான் ஐமஸைத் தவிர்க்க முடியாது. 2007 ஏப்ரல் 4. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி தேசிய இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றிருந்தது. வீராங்கனைகளில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். ஐமஸ் அவர்களுடைய முடியையும் ஒழுக்கத்தையும் சேர்த்து இழிவாக ஒரு வார்த்தை சொன்னார். எழுதக்கூடிய வார்த்தை இல்லை. அன்று அவர் சொன்னது நேரலை. இந்தக் கட்டுரையில் வரும் சம்பவங்களில் உண்மையிலேயே வாயிலிருந்து விழுந்தது என்று சொல்லத்தக்கவை இதுவும் டெல்லி ஜோக்கும்தான்.

முதலில் இரண்டு வாரம் சஸ்பெண்ட் என்றார்கள். அதற்குள் பெரிய விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஏப்ரல் 12 அன்று அவருடைய நிகழ்ச்சியை நடத்திவந்த சி.பி.எஸ். நிறுவனம் அவரை நீக்கியது. அதே நாள் இரவு நியூஜெர்சி ஆளுநர் மாளிகையில் ஐமஸ் அந்த அணியை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். சந்திப்புக்கு வந்துகொண்டிருந்த ஆளுநர் ஜான் கோர்சைன் வழியில் கார் விபத்தில் சிக்கி உயிர் பிழைத்ததே பெரிது. வீராங்கனைகள் அவர் வரும்வரை காத்திருக்கவில்லை, தாங்களே ஐமஸை எதிரே உட்காரவைத்துப் பேசினார்கள். மறுநாள் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர், மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறோம் என்று அறிவித்தார்.

அதாவது, அடிபட்டவர்கள் தீர்ப்பு சொல்வதற்கு முன்பே கம்பெனி தீர்ப்பு எழுதிவிட்டது. விளம்பரம் போன அன்றே எழுதியது. வருஷக்கணக்காக ஐமஸ் இதே மாதிரி பேசித்தான் அந்தக் கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுத்தார். அப்போது காதில் விழாதது விளம்பரம் கழன்றதும் விழுந்தது. எட்டே மாதத்தில், 2007 டிசம்பரில், இன்னொரு நிலையத்தில் ஐமஸ் மறுபடியும் மைக்கைப் பிடித்துவிட்டார். யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அலைவரிசை யாருடையது?

நம் ஊரில் வேறு சிக்கல். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் கட்டணம் கட்டி வாங்கும் எஃப்.எம்காரர்கள் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளைத் தாங்களும் பின்பற்றுவதாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். மதத்தையோ சமூகத்தையோ தாக்கக் கூடாது, ஆபாசம் கூடாது, அவதூறு கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மீறினால் கேட்க வேண்டியது டெல்லியில் இருக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். பிரிட்டனின் ஆஃப்காம்போல, மலேசியாவின் ஆணையம்போல, வானொலிக்கென்று தனியாக ஓர் அமைப்பு நமக்கு இல்லை. அமைச்சகம் அவ்வப்போது அறிவுரை அனுப்பும். மது, போதை, துப்பாக்கிக் கலாசாரத்தைப் புகழும் பாட்டுகளைப் போடாதீர்கள் என்று 2022-ல் அனுப்பியதுபோல. கீழ்க்கட்டளையில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து அவமானப்பட்டவர் டெல்லிக்கு எங்கே போய் எழுதுவார்?

எனவே இங்கே இரண்டே வழிதான் மிஞ்சுகிறது. ஒன்று, விட்டுவிடுவது. இரண்டு, போலீஸ். பகையைத் தூண்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது ஆகியவற்றுக்கான பழைய 153ஏ, 295ஏ பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 299 என்று எண் மாறி அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. ஜோக் விஷயத்தில் போலீஸ் எப்படி வேலை செய்யும் என்பதற்கு மேடை நகைச்சுவைக் கலைஞர் முனவ்வர் ஃபரூக்கி சாட்சி. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் மேடையேறியவரை, அன்று அவர் சொல்லவே சொல்லாத ஜோக்குக்காகக் கைதுசெய்து, உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். 2020-ல் கந்தசஷ்டி கவசத்தைப் பற்றிய யூடியூப் வீடியோவுக்காக 'கறுப்பர் கூட்டம்' சேனல்காரர்கள் கைதாகி, குண்டர் சட்டம் வரைக்கும் போனது தமிழ்நாட்டில். அந்த வீடியோ எனக்குப் பிடிக்கவில்லை. குண்டர் சட்டம் அதைவிடப் பிடிக்கவில்லை. சிரிப்புக்குச் சிறை என்று ஆரம்பித்தால் நாளைக்கு முதலில் உள்ளே போவது அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்தவராகத்தான் இருப்பார். வாட்ச்மேனைக் கிண்டல் செய்தவர் வெளியேதான் இருப்பார்.

வேலைநீக்கம் சிறையைவிடத் தேவலை என்பது உண்மை. ஆனால் அதிலும் இதே நோய் இருக்கிறது. கூட்டம் யார் பின்னால் சேருகிறதோ அவருக்காக மட்டும் தலை உருளும். திக்குவாய்க்காரருக்காக எந்தக் கூட்டமும் சேராது. வேலைநீக்கப் பயம் வந்த ஆர்.ஜே பெரிய சாதியை, பெரிய கட்சியை, பெரிய நடிகரைப் பற்றிப் பேசுவதைத்தான் முதலில் நிறுத்துவார். பானிபூரி ஜோக்கை நிறுத்த மாட்டார்.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஞாபகம் வருகிறது. அகில இந்திய வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்னவர். காலையில் ஐந்து நிமிஷம், கடைசியில் ஒரு ஜோக். அவர் ஜோக்கில் மாட்டுகிறவன் யாரோ ஒரு அப்பாவி, அநேகமாக அவரே. எழுதிக்கொடுத்து, மேலதிகாரி பார்த்து, பிறகுதான் பேச வேண்டும் என்ற அரசாங்கக் கெடுபிடிக்குள் அதைச் செய்தார். அந்தக் கெடுபிடி எத்தனையோ நல்ல பேச்சையும் கொன்றது. அது திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யார் ஒப்புதல் கொடுத்தார் என்பது அங்கே காகிதத்தில் இருந்தது.

தனியார் எஃப்.எம்மிலும் அதைத்தான் கேட்க வேண்டும். பதிவு செய்த நிகழ்ச்சியில் பிழை என்றால் அதற்குச் சம்மதம் கொடுத்தவர் முதலில் பதில் சொல்லட்டும். சஸ்பென்ஷன் அவரிடமிருந்து தொடங்கட்டும். அபராதம் நிலையத்துக்கு, நிலையத்தின் வருமானத்தைப் பார்த்து. மலேசியா போட்ட அபராதம் இந்த விஷயத்தில் சரியான திசை. நேரலையில் வாய் தவறிய ஆர்.ஜே-க்குச் சில வாரம் சம்பளம் வெட்டுங்கள், மைக்கைப் பிடுங்குங்கள், பிறகு திரும்பி வரட்டும். சொல்லியும் கேட்காமல் அதே ஆளை, அதே கூட்டத்தை மறுபடி மறுபடி குத்துகிறவரைத் தாராளமாக வீட்டுக்கு அனுப்பலாம். அது ஜோக்குக்கான தண்டனை இல்லை, பிடிவாதத்துக்கானது. சம்மதம் வாங்காமல் ஒருவரின் குரலை ஒலிபரப்புவதற்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பே கூடாது. ஜசிந்தா விஷயத்துக்குப் பிறகு அதில் பேச்சுக்கே இடமில்லை.

மன்னிப்பு எங்கே கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். காலை எட்டு மணிக்கு, ஆட்டோவும் காரும் நெரியும் நேரத்தில் அடித்த ஜோக்குக்கு, ராத்திரி பதினொன்றுக்கு எக்ஸ் தளத்தில் நாலு வரி போடுகிறார்கள். எட்டு மணிக்கு அடித்தால் எட்டு மணிக்கே கேட்க வேண்டும், அதே மைக்கில், அதே குரலில். முடிந்தால் அடிபட்ட பக்கத்திலிருந்து ஒருவரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு, அவருக்கும் ஒரு லிங்க் கொடுக்க வேண்டும். காவடி எடுப்பவர் ஒருவரை எரா எஃப்.எம் காலை நிகழ்ச்சியில் அரை மணி நேரம் பேசவிட்டால், மூன்று பேரின் வேலையைப் பறிப்பதைவிட மலாய் நேயர்களுக்கு அதிகம் போய்ச் சேரும் என்பது என் கணக்கு.

பாட்டுக் கேட்க வேண்டுமா, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வேண்டுமா, உடனே இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் பண்ணுங்கள் என்று நாள் முழுக்க ஒவ்வொரு எஃப்.எம்மும் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஷேர் ஆட்டோவில் போகிறவர்களுக்கே அது மனப்பாடம். நாங்கள் பேசியது உங்களைப் புண்படுத்தியதா, இந்த எண்ணில் சொல்லுங்கள் என்று இன்னோர் எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல எத்தனை வினாடி ஆகும்? எந்த நிலையம் அதை முதலில் சொல்கிறதோ, அந்த நிலையத்தின் ஆர்.ஜே அடுத்த முறை தப்பாக ஒரு ஜோக் அடித்தால், அவருக்காக வாதாட நான் தயார்.